பிரிட்டனின் மனித உரிமைச் சட்டம்: வைத்துக்கொள்வதா, திருத்துவதா, தூக்கிவிடுவதா?

பிரிட்டனில் அடுத்த பொதுத் தேர்தல் 2029க்குள் நடந்தாக வேண்டும். அந்தத் தேர்தலோடு சேர்ந்து முடிவாகப்போகும் விஷயங்களில் ஒன்று, 1998ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டம் அங்கே நீடிக்குமா என்பது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் உள்ள உரிமைகளை உள்ளூர் நீதிமன்றத்திலேயே கேட்க வழிசெய்யும் சட்டம் அது. ஆட்சிக்கு வந்தால் அந்தச் சட்டத்தை ரத்து செய்து, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலிருந்தும் வெளியேறுவோம் என்று நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யூகே கட்சி 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தது. அக்டோபரில் கெமி பேடனாக் தலைமையிலான கன்சர்வேட்டிவ் கட்சியும் உடன்படிக்கையை விட்டு வெளியேறுவதைத் தன் கொள்கையாக எடுத்துக்கொண்டது. ஆளும் லேபர் கட்சி வெளியேற மாட்டோம் என்கிறது. ஆனால் குடிநுழைவு வழக்குகளில் சில உரிமைகளுக்கு நீதிமன்றங்கள் எவ்வளவு தூரம் பொருள் கொள்ளலாம் என்பதைச் சட்டம் போட்டு இறுக்கப் போவதாகச் சொல்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இதில் என்ன? நிறையவே இருக்கிறது. நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் அங்கே படிக்கிறார், வேலை பார்க்கிறார், கல்யாணம் செய்து போயிருக்கிறார். யாழ்ப்பாணத்து வேர் உள்ள சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் சொந்தக்காரர்கள் உண்டு. இந்தச் சட்டம் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு மட்டுமானது அல்ல. அந்நாட்டின் அதிகாரத்துக்குள் இருக்கும் எல்லாருக்கும் பொருந்தும். மாணவர் விசாவில் போன உங்கள் மகளுக்கும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பேச்சு வரும்போதெல்லாம் நம் ஆட்களே சொல்வது: "நம்ம ஊர்ல மனித உரிமைச் சட்டம்னு தனியா ஒன்னு இருக்கா? நாம நல்லா இல்லையா? அவங்களுக்கு மட்டும் எதுக்கு?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. கடைசியில் வருகிறேன்.

வழிகளை ஒப்பிட நான் முன்னால் வைக்கும் அளவுகோல் இது: உரிமை மீறப்பட்ட சாதாரண ஆள் எந்த நீதிமன்றத்துக்குப் போக முடியும், எத்தனை காலத்தில் போய்ச் சேருவார், ஜெயித்தால் அரசாங்கம் என்ன செய்தாக வேண்டும்? உரிமைப் பட்டியல் எவ்வளவு நீளம் என்பது அப்புறம்தான்.

இந்த அளவுகோலுக்கு நம் ஊர் வரலாற்றிலேயே ஆதாரம் இருக்கிறது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை ரோமில் 1950 நவம்பர் 4 அன்று கையெழுத்தானது. 1953இல் பிரிட்டன் அதைத் தன் காலனிகள் பலவற்றுக்கு நீட்டித்தது. அதில் சிங்கப்பூரும் இருந்தது. அப்படியானால் 1950களில் காவலில் வைக்கப்பட்ட சிங்கப்பூர்வாசி ஐரோப்பிய அமைப்பிடம் முறையிட்டிருக்கலாமே? முடியாது. தனிமனிதர்கள் நேரடியாக மனுப்போடும் உரிமையை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது 1966இல். நாம் 1963லேயே பிரிட்டனின் கையிலிருந்து விலகிவிட்டோம். பத்தாண்டு காலம் நமக்கு அந்த உரிமைகள் தாளில் இருந்தன. அவற்றைக் கேட்டுப் போக இடம் இருக்கவில்லை.

சட்டம் வருவதற்கு முன்

1966க்குப் பிறகும் பிரிட்டனில் இருந்தவர்களுக்கு வழி எளிதாகிவிடவில்லை. உள்ளூர் நீதிமன்றங்கள் எல்லாவற்றிலும் தோற்ற பிறகு பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பழம்பொருள் வணிகர் ஒருவரின் தொலைபேசியைப் போலீஸ் ஒட்டுக்கேட்டது. 1979இல் ஆங்கிலேய நீதிமன்றம், அதைத் தடுக்க இங்கே சட்டம் எதுவும் இல்லை என்று கைவிரித்தது. 1984இல் ஸ்ட்ராஸ்பர்க் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகுதான் 1985இல் ஒட்டுக்கேட்பை ஒழுங்குபடுத்தும் சட்டமே வந்தது.

நம் ஆட்களின் கதை இன்னும் கசப்பானது. பிரிட்டனில் அடைக்கலம் கேட்ட இலங்கைத் தமிழ் இளைஞர்கள் ஐவரை 1988 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் சிலர் அங்கே துன்புறுத்தப்பட்டார்கள். மேல்முறையீடு செய்வதென்றால் வெளிநாட்டிலிருந்துதான் செய்யலாம் என்பது அன்றைய விதி. அந்த மேல்முறையீட்டில் பிறகு ஜெயித்து பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். ஆனால் 1991 அக்டோபரில் ஸ்ட்ராஸ்பர்க் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் எப்போதும் மனுதாரர் பக்கம்தான் சாயும் என்று பேசுகிறவர்கள் இந்த வழக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1998ஆம் ஆண்டுச் சட்டம் 2000 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அது புது உரிமைகள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையின் உரிமைகளை உள்ளூர் நீதிமன்றத்திலேயே கேட்கலாம் என்றது. அதில் மூன்று பிரிவுகள் முக்கியம். 3ஆம் பிரிவுப்படி, மற்ற சட்டங்களை முடிந்தவரை இந்த உரிமைகளோடு ஒத்துப்போகும்படி நீதிபதிகள் வாசிக்க வேண்டும். அது முடியாவிட்டால், 4ஆம் பிரிவுப்படி, 'இந்தச் சட்டம் உரிமைகளுக்கு முரணானது' என்று அறிவிக்கலாம். போலீஸ், மருத்துவமனை, நகராட்சி, குடிநுழைவுத் துறை போன்ற எந்தப் பொது அமைப்பும் இந்த உரிமைகளை மீறி நடக்கக்கூடாது என்பது 6ஆம் பிரிவு.

4ஆம் பிரிவைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்தில் இறங்கக்கூடாது. அப்படி அறிவித்தாலும் சட்டம் செத்துப்போவதில்லை. 2004 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். பயங்கரவாதச் சந்தேகத்தின் பேரில் வெளிநாட்டவர்களை மட்டும் விசாரணையின்றி காலவரம்பில்லாமல் அடைத்துவைக்கும் 2001ஆம் ஆண்டு விதியை, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் முரணானது என்றார்கள். மறுநாளே சிறைக்கதவு திறந்துவிடவில்லை. அரசாங்கமும் நாடாளுமன்றமும் யோசித்து 2005 மார்ச்சில் வேறு சட்டம் கொண்டுவந்தன. கடைசிச் சொல் நாடாளுமன்றத்துடையதாகவே இருந்தது. 'நீதிபதிகள் ஆட்சி செய்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டு இந்த இடத்தில் நிற்காது.

அப்படியே வைத்துக்கொண்டால்

சட்டத்தை இருக்கிறபடி விடுவதால் கிடைக்கும் பெரிய லாபம், செய்தித்தாளில் அதிகம் அடிபடாத வழக்குகளில்தான் இருக்கிறது. லண்டனில் ஒரு கருப்பு டாக்சி ஓட்டுநர் பல ஆண்டுகளாகப் பெண் பயணிகளுக்கு மயக்கமருந்து கொடுத்துச் சீரழித்துவந்தான். புகார்கள் போயும் போலீஸ் ஒழுங்காக விசாரிக்கவில்லை. பாதிக்கப்பட்ட இரு பெண்கள் போலீஸ் மீது வழக்குத் தொடுத்தார்கள். புலன்விசாரணையில் அசட்டையாக இருந்ததற்காகப் போலீஸிடம் நஷ்டஈடு கேட்க, நீதிபதிகளின் தீர்ப்புகள் வழியே உருவான ஆங்கிலேயப் பொதுச் சட்டம் அநேகமாக இடம் கொடுக்காது. 1988 முதல் நீதிமன்றங்கள் அதில் உறுதியாக இருந்தன. அந்தப் பெண்கள் மனித உரிமைச் சட்டத்தின்கீழ் போனார்கள். கொடுமையிலிருந்து மக்களைக் காக்கும் கடமையில் முறையாகப் புலன்விசாரணை செய்வதும் அடங்கும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குடும்பம் சம்பந்தப்பட்ட வழக்குகளும் நமக்கு நெருக்கமானவை. பிரிட்டனில் இருக்கும் கணவரோ மனைவியோ துணையை அழைத்துக்கொள்ள, 2012 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 18,600 பவுண்டு வருமானம் காட்ட வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் அது 29,000 பவுண்டு ஆனது. 2017இல் உச்ச நீதிமன்றம், வருமான வரம்பு வைப்பது செல்லும், ஆனால் பிள்ளைகளின் நலனை விதிகள் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றது. அரசாங்கத்தின் கொள்கையை அது தூக்கியெறியவில்லை. விடுபட்டதைச் சேர்க்கச் சொன்னது. இந்தச் சட்டம் நல்லபடி வேலை செய்வது இப்படித்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குற்றம் செய்த வெளிநாட்டவர், உடன்படிக்கையின் 8ஆம் உரிமையான குடும்ப வாழ்க்கையைக் காட்டி நாடுகடத்தலை ஆண்டுக்கணக்கில் இழுக்க முடிகிறது என்று மக்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. வேறு உரிமையிலும் இதே கதைதான்: ஜோர்தான் நாட்டு மதபோதகர் அபு கத்தாடாவை அனுப்பும் முயற்சி 2005இல் தொடங்கி 2013 ஜூலையில்தான் முடிந்தது. சித்திரவதை செய்து வாங்கிய சாட்சியம் அவர் மீதான வழக்கில் பயன்படாது என்று ஜோர்தான் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்த பிறகே அவர் விமானம் ஏறினார். எட்டு ஆண்டு! அந்த எரிச்சலைச் சின்னதாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே சமயம் அந்த ஒப்பந்தம் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு இல்லாமல் வந்திருக்காது என்பதும் உண்மை.

வைத்துக்கொண்டு இறுக்கினால்

லேபர் அரசாங்கம் போகும் வழி இது. பிரிட்டன் மட்டும் இப்படி யோசிக்கவில்லை. டென்மார்க், இத்தாலி உள்ளிட்ட ஒன்பது ஐரோப்பிய நாடுகள் 2025 மே மாதம், குடிநுழைவு விஷயத்தில் ஸ்ட்ராஸ்பர்க் ரொம்ப தூரம் போகிறது என்று பகிரங்கக் கடிதம் எழுதின. 8ஆம் உரிமை ஆரம்பத்திலிருந்தே வரம்புகளோடு வந்த உரிமை. எந்த வரம்பு நியாயம் என்று நாடாளுமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்வதில் தப்பில்லை. உடன்படிக்கையின் 3ஆம் உரிமை அப்படிப்பட்டதல்ல. சித்திரவதையையும் மனிதத்தன்மையற்ற நடத்தையையும் தடுக்கும் அந்த உரிமைக்கு விதிவிலக்கே கிடையாது. 'மனிதத்தன்மையற்ற' என்பதற்குள் எதெல்லாம் அடங்கும் என்பதைச் சுருக்கலாம் என்ற பேச்சு இப்போது வருகிறது. அதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கவலை. 8ஐத் திருத்துவதோடு நிறுத்தினால் இந்த வழியை நான் எதிர்க்க மாட்டேன்.

ரத்து செய்து சொந்தச் சட்டம் எழுதினால்

கேட்க அழகாக இருப்பது இதுதான். உடன்படிக்கையிலேயே இருப்போம், ஆனால் 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதில் நமக்கென்று ஓர் உரிமைச் சட்டம் எழுதிக்கொள்வோம். கன்சர்வேட்டிவ் கட்சி 2015 தேர்தல் அறிக்கையிலேயே இப்படி வாக்குக் கொடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி பீட்டர் கிராஸ் தலைமையில் அரசாங்கமே அமைத்த ஆய்வுக்குழுவின் அறிக்கை 2021 டிசம்பரில் வெளியானது. சிறு திருத்தங்களைச் சொன்ன அந்த அறிக்கை, சட்டத்தைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. அதையும் மீறி 2022 ஜூன் 22 அன்று அன்றைய நீதித்துறை அமைச்சர் டொமினிக் ராப் உரிமைகள் மசோதாவைக் கொண்டுவந்தார். ஓராண்டு கழித்து அரசாங்கமே அதைக் கைவிட்டது.

அந்த மசோதாவில் என்ன இருந்தது? 3ஆம் பிரிவு போய்விடும். வழக்குத் தொடுக்குமுன், தனக்குக் கணிசமான பாதிப்பு நேர்ந்ததைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். பொது அமைப்புகள் மக்களைக் காக்க முன்வந்து செய்யவேண்டிய கடமைகளை நீதிமன்றம் விரிவாக்கக்கூடாது. கடைசியில் சொன்னதை அந்த டாக்சி வழக்கோடு சேர்த்துப் படியுங்கள். அந்தப் பெண்களைப் போல நாளை வருகிறவர்களுக்கு உரிமையின் பெயர் மாறாது, நீதிமன்றத்துக்குப் போகும் வழி மட்டும் அடைபடும். உடன்படிக்கை தொடர்வதால், உள்ளூரில் தோற்றவர்கள் 1998க்கு முன்பு போலவே ஸ்ட்ராஸ்பர்க்குக்கு வரிசை கட்டுவார்கள். அரசாங்கம் அங்கே தோற்றால் கட்டுப்பட்டே ஆக வேண்டும். உள்ளூர் நீதிபதிகளிடம் முடிய வேண்டியதை வெளியூர் நீதிபதிகளிடம் கொண்டுபோய்விட்டு, அதற்கு இறையாண்மை என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் கணக்கில் நாலு வழிகளிலும் மோசமானது இது.

எல்லாவற்றையும் விட்டு வெளியேறினால்

இதில் உள்ளொன்று புறமொன்று இல்லை, சொன்னதைச் செய்கிறார்கள். விலை மட்டும் அதிகம்.

முதலில் நம் ஆட்களுக்கான விலை. 2007இல் இலங்கைத் தமிழர் ஒருவரைத் திருப்பி அனுப்ப பிரிட்டன் முடிவெடுத்தது. மனித உரிமைச் சட்டம் அப்போது நடைமுறையில்தான் இருந்தது. ஆனாலும் உள்ளூர் அமைப்புகள் அவர் கோரிக்கையை நிராகரித்துவிட்டன. ஸ்ட்ராஸ்பர்க் இடைக்கால உத்தரவு போட்டுப் பயணத்தை நிறுத்தியது. 2008 ஜூலையில், அவரை அனுப்பினால் 3ஆம் உரிமை மீறப்படும் என்று தீர்ப்புச் சொன்னது. தமிழர் என்பதாலேயே எல்லாருக்கும் ஆபத்து என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அவரவர் சூழ்நிலையை ஒன்றுசேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. உடன்படிக்கையை விட்டு வெளியேறினால் அந்தக் கடைசி நீதிமன்றம் இல்லாமல் போகும்.

இங்கே எதிர்த்தரப்பு வலுவான பதில் ஒன்று வைத்திருக்கிறது: உரிமைகளைக் காப்பாற்ற ஆங்கிலேயப் பொதுச் சட்டமே போதும், அது நூற்றாண்டுகளாகச் செய்த வேலைதானே? இதைச் சோதித்துப் பார்க்க அண்மைய உதாரணம் இருக்கிறது, அதுவும் தமிழர்களுடையது. 2021 அக்டோபரில் படகில் தத்தளித்த இலங்கைத் தமிழர்கள் இந்தியப் பெருங்கடலில் உள்ள டியேகோ கார்சியா தீவில் கரைசேர்க்கப்பட்டார்கள். பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட தீவு அது. ஆனால் மனித உரிமைச் சட்டமோ ஐரோப்பிய உடன்படிக்கையோ அங்கே செல்லாது. பிள்ளைகள் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டவர்களை வேலி போட்ட கூடாரங்களில் வைத்திருந்தார்கள். 2024இல் நீதிபதி தீவுக்கே போய் விசாரித்தார். டிசம்பர் 16 அன்று, இத்தனை நாளும் அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. பொதுச் சட்டத்தின் அடிப்படையிலேயே வந்தது.

ஆக, பொதுச் சட்டம் கைகொடுக்கும் என்பது உண்மைதான். மூன்று ஆண்டு எடுத்தது என்பதும் உண்மை. கூடாரத்தில் மூன்று வருடம் வளர்ந்த பிள்ளையிடம் போய் 'சட்டம் கடைசியில் வேலை செய்தது' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதோடு, பொதுச் சட்டத்துக்குக் காவல் வைப்பு போன்ற விஷயங்களில் நீண்ட பழக்கம் உண்டு. டாக்சி வழக்கு போன்றவற்றில் அதனிடம் பதிலே இல்லை.

மற்ற விலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வட அயர்லாந்தில் 1998 ஏப்ரலில் வந்த புனித வெள்ளி அமைதி ஒப்பந்தம், இந்த உடன்படிக்கையை அங்கே உள்ளூர்ச் சட்டமாக்கி, மக்கள் நேரடியாக நீதிமன்றம் போக வழி செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் அதிகாரமும் இதே உரிமைகளுக்கு உட்பட்டுத்தான் எழுதப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2020இல் போட்ட வணிக ஒப்பந்தத்தில், போலீஸ், நீதித்துறை ஒத்துழைப்புப் பகுதியை ஒன்றியம் நிறுத்திவிடவும் இது காரணமாகலாம். இதுவரை வெளியே போனவர்கள் யார் என்று பார்த்தால், 1969இல் ராணுவ ஆட்சியின்கீழ் இருந்த கிரீஸ் தானாகப் போனது, ஜனநாயகம் திரும்பியதும் 1974இல் உள்ளே வந்தது. உக்ரேன் மீது போர் தொடுத்த பிறகு 2022இல் ரஷ்யா வெளியேற்றப்பட்டது.

சரி, சிங்கப்பூரில் தனிச் சட்டம் இல்லையே?

இல்லைதான். நம்மிடம் இருப்பது அதைவிட மேலே இருக்கும் ஒன்று: அரசமைப்புச் சட்டம். அதன் 9 முதல் 16 வரையிலான பிரிவுகள் அடிப்படை உரிமைகளைச் சொல்கின்றன. 4ஆம் பிரிவு, அரசமைப்பே உயர்ந்த சட்டம், அதற்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது. அதாவது நம் நீதிமன்றத்தால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே செல்லாது என்று சொல்ல முடியும். பிரிட்டன் நீதிபதிகளுக்கு அந்த அதிகாரம் இல்லை. அங்கே எழுதி வைத்த ஒரே அரசமைப்பு ஆவணம் என்று எதுவும் கிடையாது. மனித உரிமைச் சட்டத்தை எடுத்துவிட்டால், நமக்கிருக்கும் 4ஆம் பிரிவு போல அடியில் தாங்க அங்கே ஒன்றும் இல்லை. 'சிங்கப்பூரைப் பாருங்கள்' என்ற வாதம் இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

அதற்காக நம் ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எல்லாரும் அறிந்த தைப்பூசத்தையே எடுத்துக்கொள்வோம். ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்தது. 15ஆம் பிரிவின் சமய உரிமையைக் காட்டி மூவர் நீதிமன்றம் போனார்கள். 2015இல் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. பொது ஒழுங்குக்காகக் கட்டுப்பாடு போட அந்தப் பிரிவே இடம் கொடுக்கிறது. பிரிட்டனில் இதே வழக்கு வந்திருந்தால், கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருக்கிறதா என்பதோடு நீதிபதி நிற்க மாட்டார். தேவைக்கு மேல் கட்டுப்படுத்தியிருக்கிறார்களா, இதைவிட லேசான வழி இருந்ததா என்றும் கேட்பார். நம் நீதிமன்றங்கள் அந்தச் சோதனையை ஏற்கவில்லை. 2016 முதல் ஊர்வலப் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் நாதஸ்வரமும் தவிலும் கேட்க ஆரம்பித்தன. அதற்கு வழிவகுத்தது இந்து அறக்கட்டளை வாரியமும் அரசாங்கமும் பேசி எடுத்த முடிவு. பேசித் தீர்ப்பது நல்ல வழிதான். ஆனால் பேச உங்களுக்கென்று ஒரு வாரியம் இருந்தால்தான் அது நடக்கும். தனி ஆளுக்கு யார் இருக்கிறார்கள்?

அரசமைப்பில் இருந்தால் பத்திரம் என்றும் நினைத்துவிட முடியாது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒருவரைக் காவலில் வைக்கும் முடிவு சரிதானா என்று நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988 டிசம்பரில் சொன்னது. இரண்டு மாதம் ஆவதற்குள், 1989 ஜனவரியில், நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையும் அரசமைப்பையும் திருத்தி அந்தப் பரிசீலனையை நடைமுறை சார்ந்த விஷயங்களோடு நிறுத்தியது. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை இருந்தது, முடிந்தது. பிரிட்டனில் அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். அங்கே ஸ்ட்ராஸ்பர்க் ஏன் தேவைப்படுகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் தேர்வு: சட்டம் இருக்கட்டும், 8ஆம் உரிமையில் நாடுகடத்தல் தொடர்பான வரம்பை நாடாளுமன்றம் தெளிவாக்கட்டும், 3ஆம் உரிமையைத் தொட வேண்டாம், சட்டத்தின் 3ஆம், 4ஆம், 6ஆம் பிரிவுகள் அப்படியே நிற்கட்டும். ராப் மசோதாவுக்கும் முழு வெளியேற்றத்துக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்தே ஆக வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், இரண்டையும் மறுக்கத்தான் சொல்வேன்.

பிரிட்டனில் வழக்கு நிலுவையில் உள்ள உறவினர் இருந்தால் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மனித உரிமைச் சட்டத்தை ரத்து செய்ய நாடாளுமன்றத்தில் தனி மசோதா நிறைவேற வேண்டும். உடன்படிக்கையை விட்டுப் போக, அதன் 58ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த ஆறு மாதம் முடியும் நாள் வரை நடந்த எந்த மீறலுக்கும் பிரிட்டனின் பொறுப்பு தீர்ந்துவிடாது. அதனால் அறிவிப்பு வந்த அன்றே எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பி வழக்கைக் கைவிட வேண்டாம். முதலில் குடிநுழைவு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.